குப்பியில் இருப்பது ஏற்பியின் எந்தத் துண்டு?

50 மைக்ரோகிராம் என்று லேபிளில் போட்டிருக்கும். குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் முதன்முறை ஏற்பிப் புரதம் (செல்லுக்கு வரும் செய்தியைப் பிடித்துக்கொள்ளும் ரிசப்டர்) வாங்கியவர்கள், காலிக் குப்பியை அனுப்பி ஏமாற்றிவிட்டார்களோ என்று ஒரு கணம் ஆடித்தான் போவார்கள். விலையும் லேசுப்பட்டதில்லை, ஆராய்ச்சி மாணவரின் ஒரு மாத உதவித்தொகையைக் கிட்டத்தட்ட முழுசாக விழுங்கிவிடும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. உறைய வைத்து உலர்த்திய புரதம் அந்த அளவில் கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சுவரிலோ மூடியிலோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. ஏற்பி என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் ஏற்பியின் ஒரு துண்டுதான். எந்தத் துண்டு என்று பார்க்காமல் வாங்கினால் பணமும் போகும், மாதங்களும் போகும். எனக்குப் போயிருக்கிறது, கீழே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு ட்ராக்-பி என்ற ஏற்பியை எடுத்துக்கொள்வோம். நரம்புச் செல்லின் மேற்பரப்பில் நின்று, பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்துக்கொள்வது இதன் வேலை. அந்த பிடிஎன்எஃப்பை 1982-இல் பார்ட், எட்கர், தோனென் மூவரும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ மூளையை அரைத்து, வடிகட்டி, பிரித்து முடித்தபோது கையில் மிஞ்சியது சுமார் 1 மைக்ரோகிராம். இன்று அதைப்போல ஐம்பது மடங்கு புரதம் கூரியரில் வருகிறதென்றால் அதற்குக் காரணம் ரீகாம்பினன்ட் முறை. மனித ஜீனின் வரிசையை வேறொரு செல்லுக்குள் புகுத்தி, அந்தச் செல்லையே புரதம் செய்ய வைப்பதுதான் அது. ஆக, இப்படி வாங்கும் புரதத்தை 'மனித மூளை ஏற்பி' என்று சொன்னால் வரிசை மனிதனுடையது, அந்தப் புரதம் இயல்பாக மூளையில் இருக்கும் என்பது மட்டுமே பொருள். யாருடைய மூளையையும் யாரும் தொடவில்லை. வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் ஃப்ரீசரில் மனித மூளையை வைத்துக்கொண்டு வேலை செய்கிறேன் என்று என் அம்மா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

வாங்கும் முன்

டேட்டாஷீட்டைத் திறந்ததும் படத்தையும் விலையையும் விட்டுவிட்டு, அமினோ அமில எண்களைத் தேடுங்கள். 'சிஸ்32 முதல் ஹிஸ்430 வரை' (32-ஆம் இடத்து சிஸ்டீன் முதல் 430-ஆம் இடத்து ஹிஸ்டிடின் வரை) என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதுதான் நீங்கள் வாங்கப்போகும் பொருள்.

ட்ராக்-பி முழுப் புரதத்தில் 822 அமினோ அமிலங்கள். முதல் 31 தபால் முகவரி மாதிரி: புரதத்தைச் செல்லுக்கு வெளியே போகும் வழியில் ஏற்றிவிட்டு வெட்டுப்பட்டுவிடும். 32-இலிருந்து 430 வரை செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. பிடிஎன்எஃப் ஒட்டுவது இங்கேதான். அதை அடுத்துச் செல்சவ்வைக் குறுக்கே கடக்கும் ஒரு குட்டித் துண்டு. மீதியெல்லாம் செல்லுக்கு உள்ளே. பாஸ்பேட்டை ஒட்டவைக்கும் கைனேஸ் பகுதி அங்கே இருக்கிறது. யூனிப்ராட் என்ற புரதத் தகவல் தளத்தில் க்யூ16620 என்று தேடினால் இந்த எல்லைகளெல்லாம் வரைபடமாகவே வரும். டேட்டாஷீட்டில் உள்ள எண்களை அந்தப் படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. 'ஹியூமன் ட்ராக்-பி, ரீகாம்பினன்ட், ஆக்டிவ்' என்று இருந்ததைப் பார்த்தேன், ஆக்டிவ் என்றால் நல்லதுதானே என்று ஆர்டர் போட்டேன். வந்தது உள்பக்கக் கைனேஸ் பகுதி மட்டும். பிடிஎன்எஃப்புக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது. மூன்று வாரம் தட்டுத் தட்டாக எலைசா (எது ஒட்டியது என்று நிறத்தால் காட்டும் சோதனை) போட்டு, பிடிஎன்எஃப் கெட்டுப்போய்விட்டது, பஃபர் சரியில்லை, ரீடரில் கோளாறு என்று ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட பிறகு, எங்கள் கூடத்து அக்கா ஒருவர் குப்பியின் லேபிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். விற்றவர் மேல் தப்பே இல்லை. 'ஆக்டிவ்' என்பது கைனேஸ் வேலை செய்கிறது என்ற அர்த்தத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

எனவே எண்ணுக்கும் சோதனைக்கும் முடிச்சுப் போடுங்கள். எது ஒட்டுகிறது என்று பார்க்கவோ, செல் வளர்ப்பில் பிடிஎன்எஃப்பை உறிஞ்சி எடுக்கவோ வெளிப்பகுதி வேண்டும். கைனேஸைத் தடுக்கும் மருந்தைச் சோதிக்க உள்பகுதி போதும். ஏற்பி சவ்வில் இருந்தபடியே செய்தி கடத்துகிறதா என்று பார்க்க வேண்டுமானால் குப்பியே வாங்காதீர்கள். அந்த ஏற்பியை வெளிப்படுத்தும் செல்லை வளர்ப்பதுதான் வழி.

டோபமைன், செரட்டோனின் ஏற்பிகளைத் தேடி வந்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். டோபமைனின் டி2 போன்றவை சவ்வை ஏழு முறை குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக்கொண்டு நிற்பவை. ட்ராக்-பியைப் போல வெளியே நீட்டியிருக்கும் தலையை வெட்டி எடுத்தால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் டோபமைன் உட்காரும் குழி அந்த ஏழு இழைகளுக்கு நடுவில் இருக்கிறது. சவ்விலிருந்து பிரித்தால் குழி குலைந்துவிடும். டிடர்ஜென்ட்டிலோ நானோடிஸ்க் என்ற செயற்கைச் சவ்வு வட்டிலோ வைத்துத்தான் காப்பாற்ற முடியும். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியின் படிக வடிவத்தை எடுக்க கோபில்காவின் குழு 2007 வரை போராட வேண்டியிருந்தது. 2012-இல் அவருக்கும் லெஃப்கோவிட்ஸுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்படிப்பட்ட புரதம் கோதுமை முளைச் சாற்றில் தயாரித்து, சாதாரண பஃபரில், 'முழு நீளம்' என்ற பெருமையோடு விற்பனைக்கு வந்தால், புரதத்தை விரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஆன்டிபாடியைச் சோதிக்க வாங்குங்கள். மருந்து ஒட்டுகிறதா என்று பார்க்க வாங்காதீர்கள். அதற்கு, ஏற்பியை நிறைய வெளிப்படுத்தும் செல்களின் சவ்வையே பிரித்து விற்கிறார்கள். அதில் குழி குலையாமல் இருக்கும்.

அயனிகளுக்கு வாசல் திறக்கும் வகைக் குளுட்டமேட் ஏற்பிகளின் கதை வேறு. அவற்றில் குளுட்டமேட் ஒட்டும் பகுதி இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும். நடுவில் சவ்வுக்குள் போகும் பகுதி வரும். 1998-இல் அந்த இரண்டு துண்டையும் ஒரு குட்டி இணைப்பால் கோத்து, பாக்டீரியாவிலேயே தயாரித்து, படிகமாக்கிக் காட்டினார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத் துண்டே போதும்.

எந்தச் செல்லில் செய்தது

அடுத்து பார்க்க வேண்டியது தயாரித்த செல். ட்ராக்-பியின் வெளிப்பகுதியில் பல இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று கைகோத்திருக்கும். ஈ. கோலை பாக்டீரியாவால் இந்தச் சர்க்கரையை மாட்ட முடியாது. சிஸ்டீன்களையும் பெரும்பாலும் சொதப்பிவிடும். உள்பக்கத்துக் கைனேஸுக்கு சர்க்கரை தேவையில்லை, அதனால் அதைப் பூச்சிச் செல்லில் செய்வது சகஜம். வெளிப்பகுதிக்கு பாலூட்டிச் செல்தான் என் முதல் தேர்வு: சிஎச்ஓ (வெள்ளெலிச் செல்), அல்லது எச்இகே293 (மனிதச் செல்). இரண்டாவதில் உள்ள 293 என்ன என்று எல்லோரும் ஒரு நாள் கேட்பார்கள். 1973 வாக்கில் லெய்டனில் வான் டெர் ஏப் ஆய்வுக்கூடத்தில் இந்தச் செல்லை உருவாக்கிய ஃபிராங்க் கிரகாமின் சோதனை வரிசை எண் அது.

அப்புறம் வால். தூய்மைப்படுத்த வசதியாகப் புரதத்தின் நுனியில் எதையாவது ஒட்டவைத்திருப்பார்கள். ஆறு ஹிஸ்டிடின் என்றால் சின்ன வால், தொந்தரவு குறைவு. எஃப்சி என்றால் ஒய் எழுத்து வடிவ மனித ஆன்டிபாடியின் அடித்தண்டு. இது இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்ளும் குணமுடையது. ஆக எஃப்சி ஒட்டிய ட்ராக்-பி இரண்டு கையோடு வரும். பிடிஎன்எஃப்பும் இரட்டையாகவே இருக்கும். இரண்டு கையால் பிடித்தால் பிடி இறுகும் இல்லையா, அளந்து வரும் பிணைப்பு வலிமை ஒற்றை ஏற்பியுடையதைவிட அதிகமாகத் தெரியும். பிடிஎன்எஃப்பை உறிஞ்சி எடுக்க எஃப்சி வால்தான் அருமை. பிணைப்பு வலிமையை எண்ணாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் ஹிஸ் வால் வாங்குங்கள்.

பிஎஸ்ஏ சேர்த்தது, சேர்க்காதது என்று இரண்டு வகை விற்பார்கள். நீர்த்த புரதம் குப்பிச் சுவரில் ஒட்டி வீணாகாமல் இருக்க பிஎஸ்ஏ எனும் மாட்டு அல்புமினைச் சேர்ப்பது வழக்கம். 1 மைக்ரோகிராம் புரதத்துக்கு 50 மைக்ரோகிராம் பிஎஸ்ஏகூட இருக்கும். செல்லில் ஊற்றுவதற்கு அது பரவாயில்லை. எலைசா தட்டில் பூசவோ, பயோட்டின் என்ற ஒட்டுக்குறியை ஏற்றவோ போகிறீர்கள் என்றால் பிஎஸ்ஏ இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் தட்டு முழுக்க மாட்டுப் புரதம்தான் அப்பியிருக்கும்.

எண்டோடாக்சின் அளவையும் பாருங்கள். இது பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் கழிவு. ஆட்டோகிளேவ் செய்தாலும் அசையாது. மூளைச் செல் வளர்ப்பில் மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் கொஞ்சம் இருந்தாலும் போதும், எண்டோடாக்சின் பட்டதும் அவை கொதித்தெழும். நீங்கள் அதை ஏற்பியின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள். மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் அலகுக்குக் குறைவு என்று இருந்தால் சாதாரண வேலைக்குச் சரி, மைக்ரோக்ளியா இருந்தால் அதையும்விடக் குறைவாகத் தேடுங்கள். வெறும் எலைசாவுக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆர்டர் போடும்போது ஒரு விஷயம். நம் ஊரில் பெரும்பாலான குப்பிகள் வெளிநாட்டிலிருந்து சுங்கம் தாண்டி வர வேண்டும். உலர்த்திய பொடியாக இருந்தால் தாங்கும். உறைந்த திரவம் என்றால் டிரை ஐஸ் தீர்வதற்குள் வந்து சேர வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தைய வாரம் வந்திறங்கும்படி ஆர்டர் போடாதீர்கள்.

குப்பி வந்த பிறகு

பெட்டியைத் திறந்ததும் டிரை ஐஸ் மிச்சம் இருக்கிறதா என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புகார் சொல்ல நேர்ந்தால் அதுதான் சாட்சி. கரைக்க நேரம் வரும்வரை குப்பி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.

கரைக்கும் நாளன்று குப்பியை வெளியே எடுத்து, மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் மேசையில் வையுங்கள். சில்லென்ற குப்பியை உடனே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். சென்னை ஈரப்பதத்தில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை அல்ல, கண்ணெதிரே வியர்க்கும். அதன் பிறகு குட்டி சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றுங்கள். மூடியில் ஒட்டியிருக்கும் பொடி அடியில் இறங்கட்டும். இதைச் செய்யாமல் மூடியைப் பட்டென்று திறந்தால் ஒரு மாத உதவித்தொகை காற்றோடு போகும்.

இப்போது 50 மைக்ரோகிராமுக்கு 500 மைக்ரோலிட்டர் சுத்தமான பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்). டேட்டாஷீட் வேறு பஃபர் சொன்னால் அதையே கேளுங்கள். பிபெட் முனையைச் சுவரில் சாய்த்து, சொட்டுச் சொட்டாக, சுவர் முழுக்க நனைகிற மாதிரி விடுங்கள். வோர்டெக்ஸில் வைக்கக் கூடாது, பிபெட்டால் வேகமாக உறிஞ்சி ஊதவும் கூடாது. நுரை வந்தால் அந்த நுரையின் மேற்பரப்பிலேயே புரதம் விரிந்து கெட்டுப்போகும். குப்பியைச் சாய்த்துச் சாய்த்து உருட்டுங்கள், இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். இப்போது மில்லிக்கு 100 மைக்ரோகிராம்.

அடுத்து பங்கு போடுவது. ஒரே குப்பியாக ஃப்ரீசரில் வைத்து, ஒவ்வொரு முறையும் உருக்கி, கொஞ்சம் எடுத்து, திரும்ப உறைய வைப்பது புரதத்தைக் கொல்லும் நிச்சயமான வழி. உங்கள் சோதனைக்கு ஒரு தடவை எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். எலைசாவுக்கு மில்லிக்கு 2 மைக்ரோகிராம், குழிக்கு 100 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அரைத் தட்டு, அதாவது 48 குழிக்கு 4.8 மில்லி. 100 மைக்ரோலிட்டர் பங்கு ஒன்றில் 10 மைக்ரோகிராம் இருக்கிறது, அதை 4.9 மில்லி பிபிஎஸ்ஸில் கலந்தால் 5 மில்லி, மில்லிக்கு சரியாக 2. ஆகவே நான்கு ட்யூபில் 100 மைக்ரோலிட்டர் வீதம், மீதியை 20 மைக்ரோலிட்டர் வீதம் ஐந்து சின்னப் பங்காக. இந்தச் சின்னப் பங்குகள், புரதத்தை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஜெல்லுக்கு. புரதம் ஒட்டாத லோ-பைண்ட் ட்யூப் பயன்படுத்துங்கள். இருந்தால் மைனஸ் 80, இல்லாவிட்டால் மைனஸ் 20. ஆனால் பனி படியாமல் தானே உருக்கிக்கொள்ளும் வீட்டு ஃபிரிட்ஜ் வகை ஃப்ரீசர் வேண்டவே வேண்டாம். அது பனியை உருக்கும்போதெல்லாம் உங்கள் புரதத்தையும் கொஞ்சம் சுட வைத்துவிட்டுப் போகும்.

ஜெல்லில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்

ஒரு சின்னப் பங்கை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள், பாதைக்கு 1 மைக்ரோகிராம். ஒன்றில், சிஸ்டீன்களின் கைகோப்பை உடைக்கும் டிடிடி சேர்த்துக் கொதிக்க வையுங்கள், மற்றதில் சேர்க்காதீர்கள். இரண்டையும் பக்கத்துப் பாதைகளில் ஓடவிடாமல் நடுவே ஒரு பாதை இடம் விட்டு ஓட்டுங்கள். டிடிடி பரவி அடுத்த பாதையைக் கெடுத்துவிடும்.

இங்கே புதியவர்கள் இன்னொரு தடவை ஆடிப்போவார்கள். வரிசையைக் கணக்கிட்டால் ட்ராக்-பி எஃப்சியின் ஒரு சங்கிலி ஏறக்குறைய 70 கிலோடால்டன். ஜெல்லிலோ அது 100-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ, கோடாக இல்லாமல் கோலப்பொடியை இழுத்துவிட்ட மாதிரி பட்டையாகத் தெரியும். தப்பான பொருள் இல்லை. தொங்கும் சர்க்கரையின் எடை அது. ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரை ஒரே அளவில் இல்லாததால் பட்டை கலைந்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் பிஎன்ஜிஏஸ்-எஃப் நொதியால் சர்க்கரையை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள், பட்டை கீழே இறங்கிக் கூர்மையாகும். டிடிடி போடாத பாதையில் இரட்டையாக, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும். பக்கத்தில் ஓடும் எடை அடையாள ஏணியின் தலைக்கு மேல், குழியின் வாயிலேயே ஏதாவது தேங்கி நின்றால் புரதம் திரண்டு கட்டியாகியிருக்கலாம். அந்தக் குப்பியை நம்ப வேண்டாம்.

66 கிலோடால்டன் பக்கத்தில் பெரிய தடித்த பட்டை வந்தால்? பிஎஸ்ஏ சேர்த்ததை வாங்கியிருக்கிறீர்கள். முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

முதல் எலைசா

மில்லிக்கு 2 மைக்ரோகிராம் என்று கரைத்த எஃப்சி வால் ட்ராக்-பி கலவையைக் குழிக்கு 100 மைக்ரோலிட்டர் ஊற்றி, மேலே ஒட்டுத்தாள் போட்டு, இரவு முழுக்க 4 டிகிரியில் விடுங்கள். காலையில் கழுவி, 1 சதவீத பிஎஸ்ஏவால் வெற்றிடங்களை அடைத்து, பிடிஎன்எஃப்பை மில்லிக்கு 100 நானோகிராமில் தொடங்கி மூன்று மூன்று மடங்காக நீர்த்துக்கொண்டே போங்கள். கடைசி வரிசையில் பிடிஎன்எஃப் இல்லாத பஃபர் மட்டும். பிடிஎன்எஃப் நேர்மின்சுமை நிறைந்த பிசுபிசுத்த ஆசாமி. வெறும் பிபிஎஸ்ஸில் நீர்த்தால் ட்யூபிலேயே பாதி தங்கிவிடும். நீர்க்கும் பஃபரில் பிஎஸ்ஏ இருக்க வேண்டும். மேலே பிஎஸ்ஏ வேண்டாம் என்றேன், இங்கே வேண்டும் என்கிறேன். பூசும்போது எதிரி, நீர்க்கும்போது நண்பன்.

அடுத்தது பயோட்டின் ஏற்றிய பிடிஎன்எஃப் ஆன்டிபாடி, பயோட்டினைப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி நொதி, அந்த நொதி பட்டால் நிறம் மாறும் டிஎம்பி. நீலம் வரும், அமிலம் ஊற்றினால் மஞ்சளாகும், 450 நானோமீட்டரில் படியுங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, விழாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தட்டில் பூசியிருக்கும் ட்ராக்-பியின் வால் மனித எஃப்சி. கண்டறியும் கூட்டத்தில் மனித எஃப்சியை அடையாளம் காணும் ஆன்டிபாடி ஏதாவது இருந்தால் அது பிடிஎன்எஃப்பைக் கண்டுகொள்ளாமல் நேராகப் பூச்சின்மேல் போய் உட்காரும். எல்லாக் குழியும் ஒரே மஞ்சள், வெற்றுக் குழிகள் உட்பட. முதல் நாள் அதைப் பார்த்து 'செம சிக்னல்' என்று குதித்தவர்களை எனக்குத் தெரியும். பிடிஎன்எஃப் இல்லாத வரிசையும் மஞ்சளாக இருந்தால் குதிக்க ஒன்றுமில்லை.

கண்ட்ரோலாக, சில குழிகளில் ட்ராக்-பிக்குப் பதில் வெறும் மனித எஃப்சியை அதே அளவில் பூசுங்கள். அங்கே பிடிஎன்எஃப் ஒட்டக் கூடாது. இன்னொரு வரிசையில் பிடிஎன்எஃப்புக்குப் பதில் என்ஜிஎஃப் ஊற்றிப் பாருங்கள். அது ட்ராக்-ஏ என்ற தம்பிக்கான காரணி, ட்ராக்-பியைக் கண்டுகொள்ளாது. இந்த இரண்டும் தட்டையாக இருந்து, பிடிஎன்எஃப் வரிசை மட்டும் சாய்ந்த ஆங்கில எஸ் எழுத்து மாதிரி ஏறி மேலே சமமானால், குப்பியில் இருக்கும் துண்டு மடிந்த வடிவம் கெடாமல் இருக்கிறது என்று அர்த்தம். பாதி உயரம் வரும் பிடிஎன்எஃப் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த லாட் (தயாரிப்புத் தொகுதி) வாங்கும்போது அந்த எண் இரண்டு மூன்று மடங்கு நகர்ந்தால், அந்த லாட்டின் முடிவுகளைப் பழைய லாட்டின் முடிவுகளோடு ஒரே கிராஃபில் போடாதீர்கள்.

நோட்டில் எழுதும்போது 'ட்ராக்-பி புரதம்' என்று மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது. மனித ட்ராக்-பி 32–430, எஃப்சி வால், எச்இகே293, பிஎஸ்ஏ இல்லாதது, கேட்டலாக் எண், லாட் எண், கரைத்த தேதி, எத்தனையாவது பங்கு: இதெல்லாம் ஒரே வரியில் அடங்கும். ட்யூப் மூடியில் அவ்வளவு இடம் இல்லை. அங்கே லாட்டின் கடைசி மூன்று இலக்கமும் தேதியும் போதும். ஸ்பிரிட் பட்டால் அழியாத பேனாவால் எழுதுங்கள்.